ஒரு ராத்திரியை எழுதுவது எப்படி: சரித்திர நாவலில் இறங்குகிறவர்களுக்கு

சரித்திர நாவல் எழுத வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் ராஜராஜனோடு வருகிறார்கள். மிஞ்சியவர்கள் ராஜேந்திரனோடு. கடாரம், யானைப்படை, ஓர் ஒற்றன், அவனுக்கு ஒரு காதலி. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "எந்த நாள்?" விழிப்பார்கள். முப்பது ஆண்டு ஆட்சியை எழுதக் கிளம்பியவருக்கு அதில் ஒரு சாயங்காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. என்ன சாப்பிட்டார்கள், எந்தத் திரியில் விளக்கு எரிந்தது, தெருவில் எவ்வளவு இருட்டு, யார் யாரிடம் கடன் பட்டிருந்தார்கள் என்று கேட்டால் எல்லாம் "அந்தக் காலத்து வழக்கப்படி" என்று முடிந்துவிடும்.

முதல் நாவலுக்கு ஒரு ராத்திரி போதும். அதுவும் நீங்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் நடந்த ராத்திரியாக இருந்தால் நல்லது. நான் எடுத்துக்கொண்டது 1914 செப்டம்பர் 22, எம்டன் சென்னையைச் சுட்ட இரவு. வார இதழ் ஒன்றில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த காலத்திலேயே இந்தத் தேதி என் கண்ணில் உறுத்தியது. ஆளுக்கு ஆள் வேறு கதை எழுதி அனுப்புவார்கள். கீழே நான் சொல்லும் முறையெல்லாம் அந்த ஓர் இரவை வைத்துத்தான். உங்கள் நாள் வேறாக இருக்கலாம். செய்யும் வேலை இதேதான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்ல் ஃபான் முல்லர் என்ற காப்டனின் கீழ் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்துக்கொண்டிருந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன். அது இரவு ஒன்பதரை மணி வாக்கில் சென்னைக் கரையை நெருங்கித் தேடுவிளக்கைப் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பல் அடிபட்டது. கரையிலிருந்த பீரங்கிகள் பதில் சுடத் தொடங்கியபோது எம்டன் விளக்கை அணைத்துக்கொண்டு போய்விட்டது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். மறுநாள் முதல் ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினார்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலிடம் எம்டனின் கதை முடிந்தது.

இதை எந்தப் புத்தகத்திலும் படித்துவிடலாம். நாவலாசிரியருக்கு இதில் பாதி உடனே விஷம். அன்று இரவு ஒன்பது முப்பத்தைந்துக்கு லிங்கிச் செட்டித் தெருவில் நிற்கும் ஒருத்திக்கு இதில் என்ன தெரியும்? காப்டன் பெயர் தெரியாது. கப்பல் ஒன்றா ஐந்தா என்று தெரியாது. நவம்பரில் அது அழியப்போவது தெரியாது. தான் வாழ்வது 'முதல் உலகப் போர்' என்பதும் தெரியாது, இரண்டாவது வந்தால்தானே முதலாவதுக்கு அந்தப் பெயர். ஒவ்வொரு தகவலையும் கையில் எடுத்ததும் நான் கேட்டுக்கொள்வது இது: என் கதையில் வருகிற யாருக்கு, எத்தனை மணிக்கு இது தெரிய வந்தது? யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்றால், எவ்வளவு அருமையான தகவலாக இருந்தாலும் அது நாவலுக்கு வெளியே.

ஆராய்ச்சியைப் பஞ்சாங்கத்திலிருந்து தொடங்குங்கள். செலவில்லாத ஆவணம் அது. கையில் 1914க்கான பஞ்சாங்கம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை, கணக்குப் போடலாம். 1914 ஆகஸ்ட் 21 அன்று ஐரோப்பாவில் முழுச் சூரிய கிரகணம். போர் தொடங்கிய மாதம் என்பதால் பலருக்கும் நினைவில் நின்ற கிரகணம். கிரகணம் என்றால் அமாவாசை. அதிலிருந்து இருபத்தொன்பதரை நாள் தள்ளினால் அடுத்த அமாவாசை செப்டம்பர் 19க்கும் 20க்கும் நடுவில் விழுகிறது. சூரியன் கன்னியில் இருக்கும் புரட்டாசி அமாவாசை, அதாவது மகாளய அமாவாசை. ஆகவே 20ஆம் தேதி நவராத்திரி தொடங்குகிறது. 22 செவ்வாய்க்கிழமை, கொலுவின் மூன்றாம் நாள். தமிழ் வருடம் ஆனந்த.

இந்த ஒரு கணக்கில் எனக்கு என்னவெல்லாம் கிடைத்தது பாருங்கள். மூன்றாம் பிறை எட்டு மணி வாக்கிலேயே மறைந்திருக்கும், ஆகவே ஒன்பதரைக்குக் கடல் மேல் நிலா கிடையாது. 'நிலவொளியில் கறுத்த கப்பல்' என்று எழுதினால் பொய். வெற்றிலை பாக்கு வாங்க வந்த பெண்கள் வீடு திரும்பியிருப்பார்கள். சுண்டல் பாத்திரம் காலியாகியிருக்கும். புரட்டாசி மாதத்து இரவில் தூரத்து முழக்கத்தை இடி என்று நினைப்பது சென்னைக்காரர்களுக்கு இயல்பு. எந்த ஆவணக் காப்பகத்துக்கும் போகாமலேயே அத்தியாயத்தில் பாதி வந்துவிட்டது. பழைய காலத்தை எழுதுகிறவர்களுக்கு இதைவிட வசதி: 700 முதல் 1799 வரையிலான ஆண்டுகளுக்கு எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை நாள்வாரியாகத் திதி, நட்சத்திரம் கணித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கல்வெட்டில் திதியும் கிழமையும் இருந்தால் ஆங்கிலத் தேதியைப் பிடித்துவிடலாம்.

அடுத்து எழும்பூர், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். உள்ளே போவதற்குமுன் உங்கள் கேள்வியைச் சிறியதாக்கிக்கொள்ளுங்கள். 'எம்டன் பற்றி என்ன இருக்கிறது?' என்று கேட்டால் அங்கே எவராலும் உதவ முடியாது. கட்டுகள் பொருள்வாரியாக இல்லை, துறைவாரியாக இருக்கின்றன. பொதுத்துறை, நீதித்துறை, வருவாய்த்துறை என்று ஒவ்வொன்றுக்கும் ஆண்டு வாரியாகப் பொருளடக்கத் தொகுதிகள். முதலில் அவற்றைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அதில் அரசாணை எண்ணையும் தேதியையும் துறையையும் குறித்துக் கொடுத்தால்தான் உங்களுக்கான கட்டு வெளியே வரும். பொருளடக்கத்தில் 'எம்டன்' என்று மட்டும் தேடாதீர்கள். ரயில்வே, போலீஸ், நெல் விலை, நஷ்ட ஈடு, ஓய்வூதியம் என்று தேடுங்கள். குண்டு விழுந்ததைப் பற்றி அரசாங்கம் எழுதுவது ஒருபக்கம் இருக்கட்டும், குண்டு விழுந்ததால் யாருக்கு என்ன பணம் கொடுக்கலாம் என்று எழுதும்போதுதான் மனிதர்கள் பெயரோடும் சம்பளத்தோடும் வருவார்கள். பென்சில் கொண்டுபோங்கள். தூசுக்கு ஒரு கைக்குட்டையும்.

அங்கே இன்னொரு புதையல், சுதேசப் பத்திரிகைகளைப் பற்றிய அரசாங்க அறிக்கைகள். தமிழ், தெலுங்கு, மலையாளப் பத்திரிகைகளில் என்ன எழுதுகிறார்கள் என்று துரைமார் தெரிந்துகொள்ள வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கி வைத்தார்கள். மூலப் பத்திரிகை செல்லரித்துப் போன பல இடங்களில் இந்தச் சுருக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆனால் உளவு பார்க்க எழுதப்பட்ட காகிதம் அது என்பது நினைவிருக்கட்டும். ராஜ துவேஷம் என்று பட்டதை விரிவாக எழுதுவார்கள், மழை பெய்ததை விட்டுவிடுவார்கள். நமக்கு மழைதானே வேண்டும்.

மழைக்குப் பத்திரிகையின் மூல இதழ்களையே பார்க்க வேண்டும். கன்னிமாராவிலும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் உட்கார்ந்து பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே திறக்கலாம். பழைய பத்திரிகை கையில் கிடைத்தால் தலையங்கத்தைக் கடைசியில் படியுங்கள். முதலில் விளம்பரம், பிறகு கப்பல் வரத்து, சந்தை நிலவரம், ஏல அறிவிப்பு, காணாமல் போனவர்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி என்ற கணக்கு உங்கள் விரலில் பழகும்வரை விலைகளைக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தில் அரிசிக்கு எவ்வளவு போகும் என்று உங்களால் மனக்கணக்காகச் சொல்ல முடிந்தால், அவன் ஊரை விட்டு ஓடும்போது எதை எடுத்துக்கொள்வான், எதை விட்டுப் போவான் என்பது தானாக வரும்.

இவ்வளவும் செய்தபிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், அல்லது இதை மட்டும் செய்கிறார்கள். உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் எம்டன் குண்டு விழுந்த இடத்தில் கல் பதித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். அங்கே நின்று தலையை நிமிர்த்துங்கள். 1894 முதல் 1977 வரை சென்னையின் கலங்கரை விளக்கம் இந்த நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில்தான் எரிந்தது. மெரினாவில் இப்போதிருக்கும் கோபுரம் 1914இல் கிடையாது. அந்த இரவிலும் உச்சி விளக்கு வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. தாக்க வந்தவனுக்கு ஊரே வழி காட்டியது. பிறகு வடக்கே ராயபுரம் வரை நடங்கள். துறைமுகம் கட்டியதால் தெற்கே மணல் சேர்ந்து கடற்கரை அகன்றது, வடக்கே கடல் நிலத்தைத் தின்றது. ஆகவே இன்றைய தூரங்களை அப்படியே 1914க்குக் கொண்டுபோக முடியாது, பழைய நகர வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். என் மாமியார் ராயபுரத்துக்காரர். "எங்க தெருவுக்கு முன்னால ரெண்டு தெரு இருந்துச்சு, கடல் எடுத்துக்கிச்சு" என்று சொல்வார். வரைபடத்தில் அந்தத் தெருக்களின் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதும் ஆராய்ச்சிதான்.

தகவல் சேரச் சேர ஒன்றோடொன்று முட்டும். எரிந்த தொட்டிகள் இரண்டு என்பார் ஒருவர், மூன்று என்பார் மற்றவர். சுட்ட குண்டுகள் 125 என்றும் 130 என்றும் இருக்கும். கப்பலில் துணை அதிகாரியாக இருந்த ஹெல்முத் ஃபான் முக்கே பிற்பாடு எழுதியதைப் படித்தால் கடலிலிருந்து தெரிந்த சென்னை கிடைக்கும், அது கரையில் இருந்தவர்கள் சொல்லும் சென்னையாக இருக்காது. வரலாற்றாசிரியர் இங்கே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மொட்டை மாடியில் நிற்கிறவள் தொட்டிகளை எண்ணிக்கொண்டிருக்க மாட்டாள். அவளுக்கு வடக்கே வானம் சிவந்தது தெரியும், மண்ணெண்ணெய் வாடை தெரியும். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி இரண்டு என்று சொல்லட்டும், இன்னொருத்தி மூன்று என்று அடித்துச் சொல்லட்டும். ஆவணத்தில் இருக்கும் முரண்பாட்டை ஆட்களிடம் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். எம்டனில் அவர் இருந்தார், அவர்தான் வழி காட்டினார் என்ற கதை தமிழ்நாட்டில் வேரூன்றியது. ஆதாரம் கிடையாது. அந்த மாதங்களில் அவர் இருந்தது சூரிச்சில், அதன்பின் பெர்லினில். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். அவருடைய பெருமைக்கு அந்தக் கப்பல் தேவையில்லை. ஆனால் ஒரு ஜனம் ஏன் அப்படி நம்ப விரும்பியது என்பது நாவலுக்கு நல்ல தீனி. நான் அதைச் சம்பவ இரவில் வைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் திண்ணையில் ஒரு கிழவர் பேரனுக்குச் சொல்லும் கதையாக வைத்தேன். அங்கே அது கிழவரின் ஆசை. கப்பலின் மேல்தளத்தில் வைத்திருந்தால் என் பொய்.

காலத்துக்குப் பொருந்தாத சாமான்கள் சத்தமில்லாமல் நுழையும். 'பர்மா ஷெல் தொட்டிகள்' என்று எழுதாத ஆளே இல்லை. பர்மா ஷெல் கம்பெனி பிறந்தது 1928இல். துறைமுகக் குமாஸ்தா ராமானுஜனை ஒரு காட்சியில் நடமாடவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்றே நெவாசா கப்பலில் ஏறிவிட்டார், செப்டம்பரில் அவர் கேம்பிரிட்ஜில் இருக்கிறார். டிராம் எழுதலாம், மின்சார டிராம் 1895 முதல் ஓடுகிறது. எழும்பூர் ரயில் நிலையம் எழுதலாம், அதன் கட்டடம் அப்போது புத்தம் புதியது. சோழர் காலத்தை எழுதுகிறவர்கள் மிளகாயையும் தக்காளியையும் உருளைக்கிழங்கையும் சமையலறையிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

இனி எழுதுவது. புதிதாக எழுதுகிறவர்கள் கொண்டுவரும் பக்கம் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஒன்பதரை மணிக்கு, ஜெர்மானியக் கிழக்காசியக் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த எம்டன் என்னும் போர்க்கப்பல் கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. அப்போது மங்களம் கொலுவுக்கு ஆரத்தி எடுத்துக்கொண்டிருந்தாள்."

ஒரு பிழையும் இல்லை. உயிரும் இல்லை. முதல் வாக்கியத்தைச் சொல்வது யார்? கப்பலிலும் இல்லை, மாடியிலும் இல்லை, நூறு ஆண்டு கழித்து நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். அவரை வெளியே அனுப்பிவிட்டு, அறையில் இருக்கும் பொருள்களை மட்டும் வைத்து எழுதிப் பாருங்கள்:

"ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்த மங்களம் சுவரைப் பார்த்தாள். கொலுப்படியின் நிழல் வலப்புறமிருந்து இடப்புறமாக மெல்ல நகர்ந்தது. குத்துவிளக்கு அசையவில்லை. மூன்றாம் படியில் செட்டியார் பொம்மையின் முகம் பட்டப்பகல்போல் வெளுத்து, அடுத்த கணம் இருண்டது. 'யாரோ மோட்டாரில் வந்திருக்காப்போல இருக்கு' என்றாள் கீழே இருந்த மாமியார். மாடி உயரத்துக்கு எந்த மோட்டார் வெளிச்சம் போடும் என்று மங்களம் யோசித்து முடிப்பதற்குள் பொம்மைகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன."

தேடுவிளக்கு, அதன் திசை, முழக்கம், நவராத்திரி, மோட்டார் வண்டி அபூர்வமாக இருந்த காலம் எல்லாம் இதிலும் இருக்கின்றன. கப்பலின் பெயர் அவளுக்கு மறுநாள்தான் கிடைக்கும். அதுவும் பத்திரிகை படிக்கிற கணவன் சொல்லி. வாசகருக்கு முன்பே தெரியும் என்பதால் அந்த இடைவெளியில் பயம் தானாக ஊறும். நீங்கள் ஊட்ட வேண்டியதில்லை.

பேச்சைப் பொறுத்தவரை என் விதி கறாரானது. ஆட்களை அரசவைத் தமிழில் பேசவிடாதீர்கள். 1914இல் லிங்கிச் செட்டித் தெருவில் எவரும் 'அன்பே' என்று மனைவியை அழைக்கவில்லை, எதற்கெடுத்தாலும் 'நன்றி' சொல்லவும் இல்லை. மருமகள் மாமியாரை எப்படிக் கூப்பிட்டாள், கணவனைப் பெயர் சொல்லாமல் எப்படிக் குறிப்பிட்டாள், வேலைக்காரர் துரையிடம் எந்தத் தூரத்தில் நின்றார் என்பதை அந்தக் காலத்துக் கடிதங்களிலும் நாடகப் பிரதிகளிலும் கோர்ட்டு வாக்குமூலங்களிலும் தேடுங்கள். வாக்குமூலம் ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை. யார் முதலில் பேசினார், யார் பதில் சொல்லாமல் நின்றார் என்பது மொழிபெயர்ப்பிலும் தப்பாது.

குறிப்புகளை மூன்று நோட்டுகளில் வையுங்கள். உறுதியானது ஒன்று, ஆளுக்கு ஆள் மாறுவது ஒன்று, நானாகச் சேர்த்தது ஒன்று. மூன்றாவது நோட்டைச் சோம்பேறித்தனமாக விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் கற்பனையே உங்களுக்கு ஆவணமாகத் தெரிய ஆரம்பிக்கும், அப்போது அதைக் காட்டிக்கொடுக்க அந்த நோட்டுதான் இருக்கும். புத்தகத்தின் கடைசியில் போடும் ஆசிரியர் குறிப்பும் அதிலிருந்தே வரும். மங்களம் கற்பனை, அவள் வீடு கற்பனை, மாடிச் சுவரில் விழுந்த வெளிச்சம் என் ஊகம், கலங்கரை விளக்கம் நிஜம் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். முன்னால் போடாதீர்கள், கதையை உடைத்துவிடும்.

உரிமை விஷயம் ஒன்று. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகு அறுபது ஆண்டுகள் அவருடைய எழுத்துக்கு உரிமை உண்டு. 1914 பத்திரிகையின் பெயரில்லாச் செய்தியை நீங்கள் தாராளமாக எடுத்தாளலாம், அதே செய்தியைப் போன வருடம் ஒருவர் மொழிபெயர்த்திருந்தால் அந்த மொழிபெயர்ப்பு அவருடையது.

வாசகரிடம் கொண்டுபோவதில் எனக்குப் பெரிய சாமர்த்தியம் இல்லை, பழக்கம் உண்டு. அச்சுக்குக் கொடுக்குமுன் அத்தியாயங்களை வயதானவர்கள் கூடும் இடத்தில் சத்தமாக வாசியுங்கள். எழுத்தாள நண்பர்கள் நடையைப் பற்றிப் பேசுவார்கள், பெரியவர்கள் "அந்த நேரத்துல கொலு முன்னாடி தூங்குற குழந்தையை எழுப்ப மாட்டாங்க" என்பார்கள். ஆகஸ்ட் 22ஐ ஒட்டிச் சென்னை தினம் கொண்டாடும் வாரத்தில் வாசகர்களை நடைக்கு அழைத்துப் போகலாம். உயர் நீதிமன்றச் சுவரில் தொடங்கி, அந்த நாளில் ஃபர்ஸ்ட் லைன் பீச் என்று அழைக்கப்பட்ட ராஜாஜி சாலை வழியாக ராயபுரம் ரயில் நிலையம் வரை. இடையிடையே நின்று ஒரு பக்கம் வாசிக்கலாம். காலை ஆறரைக்குத் தொடங்கிவிடுங்கள், எட்டரைக்கு மேல் லாரிச் சத்தத்தில் உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது. ஜனவரிப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வர வேண்டுமென்றால் மழைக்காலம் தொடங்குமுன் பிரதி பதிப்பகத்தில் இருக்க வேண்டும். டிசம்பரில் கொடுத்துவிட்டு மெய்ப்புப் பார்க்க நேரமில்லை என்று புலம்புகிறவர்கள் மேல் எனக்கு இரக்கமே வருவதில்லை. அட்டையில் நான்கு புகைபோக்கிகள் உள்ள கப்பலைப் போட்டால் ஓவியரோடு சண்டைக்குப் போகுமுன் யோசியுங்கள். எம்டனுக்கு நிஜத்தில் மூன்று, ஆனால் பிரிட்டிஷ் கப்பல்போல் தெரிய நான்காவதாகப் போலி ஒன்றை அது நிறுத்திக்கொள்வது உண்டு.

புத்தகம் வெளிவந்த பிறகு கடிதங்கள் வரும். பாதி, "எங்கள் கொள்ளுத்தாத்தா அன்று அங்கே இருந்தார், நீங்கள் ஏன் அவரைப் பற்றி எழுதவில்லை?" என்று இருக்கும். எரிச்சல் வேண்டாம். தாத்தா என்ன வேலை பார்த்தார், எந்தத் தெரு, வீட்டில் பழைய ரசீதோ புகைப்படமோ இருக்கிறதா என்று பதில் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றும் வராது. எப்போதாவது ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து மளிகைக் கணக்கு நோட்டு வரும். அதை ஸ்கேன் செய்துகொண்டு அசலைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புங்கள், தபால் செலவு உங்களுடையது.